புது டர்போ காருக்கு ரன்னிங்-இன்னா? நாலு வழிச்சாலைய விட்டுட்டு தேனி ரோட்டப் பிடிங்க

புதுசா ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் ஜிடியோ அந்த மாதிரி வேற டர்போ காரோ எடுத்த நெறைய பேரு, பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்குன கையோட மதுரைலேந்து திருச்சி ரோட்டுல ஏத்தி நூறுல க்ரூஸ் கன்ட்ரோல் (வேகத்த அதுவே பிடிச்சு வெக்கிற வசதி) போட்டுட்டு "மெதுவாத்தாண்ணே போறேன், ரன்னிங்-இன் ஓடுது"ன்றாங்க. மெதுவா போறது சரி, ஆனா அது ரன்னிங்-இன், அதாவது புது இன்ஜின ஓட்டி ஓட்டிப் பழக்குறது, இல்லப்பா.

சிலிண்டர் உள்சுவத்துல ஹோனிங் பண்ணுன (உரசித் தேச்ச) குறுக்குக் கோடு இருக்கும், பிஸ்டன் ரிங் அதுல தேஞ்சு தேஞ்சுதான் சரியா படியும், அதுக்கு இன்ஜின்ல லோடு ஏறணும் இறங்கணும், மறுபடி ஏறணும். ஒரே ஆர்பிஎம்ல (இன்ஜின் சுத்துற வேகம்) மணிக்கணக்கா போனா அது நடக்காது.

அதான் மதுரை-தேனி ரோடு. காளவாசல், நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி, உசிலம்பட்டின்னு ஊருக்கு ஊர் வேகத்தக் குறைச்சு ஏத்தவேண்டி வரும், நடுவுல பஸ்ஸ ஓவர்டேக் பண்ண கொஞ்சம் மிதிப்பீங்க, அப்புறம் ஆண்டிபட்டி கணவாய் ஏத்தம் எறக்கம், மேற்க மலை தெரிய ஆரம்பிச்சா பார்க்கவும் நல்லாருக்கும். எறக்கத்துல கியர குறைச்சு இன்ஜின் பிரேக்கிங்ல விடுங்க, காலை பிரேக்குலயே வெச்சு தேய்க்காதீங்க. புது பிரேக் பேடு படியவே 200, 300 கிமீ ஆகும், டயரும் அப்பிடித்தான், மொதல்ல வழுக்கும்.

எவ்வளவு மிதிக்கலாம்னா, ஃபோக்ஸ்வேகன் மேனுவல்ல மொத 1000 கிமீ ஃபுல் த்ராட்டில் (ஆக்ஸிலேட்டர முழுசா மிதிக்கிறது) கூடாது, மேக்ஸிமம் ஆர்பிஎம்ல மூணுல ரெண்டு பங்குக்குள்ள இருக்கணும், 1500 கிமீ வரைக்கும் கொஞ்சங்கொஞ்சமா ஏத்தணும்னு இருக்கு. 6000 ரெட்லைன்னா (இன்ஜினோட உச்ச ஆர்பிஎம்) 4000, அவ்வளவுதான். வேற கார்னா அதோட மேனுவல்தான் பேசும், பிஎம்டபிள்யூ எம் கார்லலாம் 2000 கிமீ-ல ரன்னிங்-இன் சர்வீஸ்னே தனியா ஒண்ணு உண்டு.

நெறைய பேரு கவனிக்காத விஷயம், ரொம்ப பதவிசா ஓட்டுறதும் தப்பு. ஆட்டோமேட்டிக்க டி (டிரைவ்) மோடுல விட்டா சீக்கிரமே மேல் கியருக்கு போயி 1500 ஆர்பிஎம்ல இழுத்துக்கிட்டு திணறும், ஏத்தத்துல இது இன்னும் மோசம். மேனுவல் மோடுக்கு மாத்தி 2000லேந்து 3500க்குள்ள ஆடவிடுங்க. காலைல ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் நிக்கவெச்சு உறுமவிட வேணாம், ஒடனே கெளம்பி மொதல்ல மட்டும் சாதுவா போங்க, கூலன்ட் முள்ளு நடுவுல வந்தாலும் ஆயில் சூடாக இன்னும் நேரமாகும்.

போடிமெட்டு, 17 ஹேர்பின் பெண்டு, எல்லாருக்கும் மொத வாரமே ஆசைதான். ஆளேத்தி லக்கேஜோட போறதா இருந்தா 1000 தாண்டட்டும். கொடைக்கானல்னா இ-பாஸும் போட்டுக்கங்க.

மேல ஏறி நின்னதும் ஒரு நிமிஷம் ஐடில்ல விட்டு ஆஃப் பண்ணுங்க, டர்போவுக்கு நல்லது. புது இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும், அதனால வாரம் ஒருதடவை சமதளத்துல நிப்பாட்டி டிப்ஸ்டிக்க உருவிப் பாத்துருங்க.