பழைய ஹாலிவுட் படத்தைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

முதலில் டிவி செட்டிங்கைப் பாருங்கள். 1932 முதல் 1953 வரையிலான ஹாலிவுட் படங்களின் சட்டகம் பெரும்பாலும் 1.37:1 (அகலம்:உயரம்). இன்றைய திரையில் இருபக்கமும் கறுப்புப் பட்டை விழும், விழட்டும். ‘ஸ்ட்ரெட்ச்’ போட்டால் முகங்கள் பூசணிக்காய் ஆகிவிடும், ‘ஜூம்’ போட்டால் நெற்றியும் தாடையும் போய்விடும். மோஷன் ஸ்மூத்திங்கையும் அணையுங்கள். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்துக்கு நடுவே டிவி தானாக ஃபிரேம்களைச் செருகுவதால்தான் எல்லாம் சீரியல் மாதிரித் தெரிகிறது.

1953க்குப் பிந்தைய சினிமாஸ்கோப் (அகலத்திரை) படங்களில் வேறு தொல்லை. பழைய டிவி பிரதிகளில் ஓரங்களை வெட்டியிருப்பார்கள். இயக்குநர் எடுக்காத பான் (கேமரா பக்கவாட்டில் திரும்புவது), போடாத கட் எல்லாம் அதில் இருக்கும். அதை வைத்து ஃபிரேமிங் படிக்க உட்காராதீர்கள்.

படத்தை ஒரு தடவை நிறுத்தாமல் பார்த்துவிட்டு, மூன்று நிமிடக் காட்சி ஒன்றைப் பிடியுங்கள். முழுப் படத்தையும் ஷாட் ஷாட்டாக எழுதக் கிளம்பியவர்கள் பாதியில் நோட்டை மூடிவிடுவார்கள். ஒலியை அணைத்துவிட்டு எழுதுங்கள்: ஷாட் எண், எத்தனை விநாடி, க்ளோசப்பா மிட்ஷாட்டா, கேமரா நகர்கிறதா. முக்கியமானது கடைசிக் கட்டம்: கட் எதன்மேல் விழுகிறது? பார்வையிலா, கை அசைவிலா, வசனத்திலா? அதன்பின் திரையை மறைத்து, ஒலியை மட்டும் கேளுங்கள்.

‘சிட்டிசன் கேன்’ (1941) படத்தின் பனிக் காட்சி இதற்குத் தோதானது. வெளியே சிறுவன் விளையாடுகிறான். கேமரா ஜன்னல் வழியே பின்வாங்கி மேசைவரை வருகிறது. தாய் அங்கே கையெழுத்திட்டு அவனை ஒரு வங்கியாளரிடம் ஒப்படைக்கிறாள். நோட்டில் ஒரே ஷாட்தான் தேறும். ஒலியை மட்டும் கேட்கும்போதுதான் பிடிபடும்: தந்தை ஜன்னலைச் சாத்தியதும் பையனின் குரல் அறுந்துபோகிறது, தாய் போய்த் திறக்கிறாள்.

அருகில் இருப்பவரும் தூரத்துச் சிறுவனும் ஒருசேரத் தெளிவாக இருப்பதற்கு ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் வைட் லென்ஸ், சிறிய அபெர்ச்சர் (லென்ஸின் ஒளித் துளை), குறைந்த ஒளியிலும் பதியும் வேகமான ஃபிலிம், ஏராளமான விளக்குகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பயன்படுத்தினார். வைட் லென்ஸை மட்டும் மாட்டி அபெர்ச்சரைத் திறந்துவிட்டால் பின்னணி மசமசவென்றாகிவிடும். அதே படத்தில் கேனின் இரண்டாம் மனைவி சூசனின் கட்டிலருகே கண்ணாடித் தம்ளர் பெரிதாகத் தெரியும் ஷாட்டை லென்ஸால் மட்டும் எடுக்கவே முடியாது. முன்பகுதியைத் தனியாக எடுத்து, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, பின்பகுதியை அதே ஃபிலிமில் பதித்தார்கள். இது தெரியாமல் லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொரு பயிற்சி: 1933 படம் ஒன்றையும் 1935 படம் ஒன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இடையில், 1934இல், தணிக்கை விதிகள் இறுகின. 1968இல் ரேட்டிங் முறை வரும்வரை அவை நீடித்தன. முத்தத்தின்மேல் காட்சி இருண்டால், இருட்டுக்கு அடுத்து வரும் முதல் ஷாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அணைந்த சிகரெட், மாறியிருக்கும் உடை, ஜன்னலில் விடிந்த வெளிச்சம்: சொல்லக்கூடாததைப் பெரும்பாலும் அங்கேதான் சொல்லியிருப்பார்கள்.