பீர் காய்ச்சப் போகிறீர்களா? முதலில் இட்லி மாவை மறந்துவிடுங்கள்

வீட்டில் மாவு புளிக்க வைத்துப் பழகிய கைக்கு பீர் எல்லாம் ஒரு விஷயமா என்றுதான் நானும் நினைத்தேன். லண்டனில் என் இரண்டாவது குளிர்காலம் அது. இட்லி மாவு கணக்கிலேயே வாளியைக் கொண்டுபோய் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன், நன்றாகத்தான் பொங்கியது. கடைசியில் கிடைத்தது நெயில் பாலிஷ் வாசனை அடிக்கும் ஏதோ ஒன்று, அரை கிளாஸுக்கே தலைவலி. மாவு புளிப்பது உளுந்தோடும் அரிசியோடும் தானாக வரும் நுண்ணுயிர்களால், அதற்குச் சூடும் வேண்டும். பீரில் எல்லாமே தலைகீழ். பாக்கெட்டிலிருந்து நாம் போடுகிற ஒரே ஒரு ஈஸ்ட்தான் உள்ளே வேலை செய்ய வேண்டும், வேறு யாருக்கும் அனுமதி இல்லை, அதற்கும் குளிர்ச்சியான இடம்தான் ஒத்துவரும்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 1963 வரை வீட்டில் பீர் காய்ச்சவும் லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது, அந்த வருடம் அதை எடுத்துவிட்டார்கள். சொந்தமாகக் குடிக்க எவ்வளவு வேண்டுமானாலும் காய்ச்சலாம், விற்கக் கூடாது, ஆவியாக்கிச் சாராயமாக வடிக்கவும் கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சுவது குற்றம், அதனால் ஊரில் இருந்து படிப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"விஷச்சாராயம் மாதிரி ஆகிவிடாதா?" இது அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி. ஆகாது. ஊரில் விஷச்சாராயத்தால் சாவது பெரும்பாலும் தொழிற்சாலைக்கான மெத்தனாலைச் சாராயத்தில் கலப்பதால். பீரை நாம் வடிப்பதே இல்லை, வெறும் புளிக்க வைப்பதுதான், பார்லியில் இருந்து வரும் மெத்தனால் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. இங்கே உண்மையான ஆபத்து வேறு: கொதிக்கிற அண்டாவும் வெடிக்கிற பாட்டிலும். இரண்டைப் பற்றியும் பிறகு சொல்கிறேன்.

முதல் தடவைக்கு நாலரை லிட்டர் போதும். 20 லிட்டர் காய்ச்சி நாசமானால் மனசு விட்டுப்போகும். வாங்க வேண்டியவை: மால்ட் எக்ஸ்ட்ராக்ட் பவுடர் அரை கிலோ, வெளிர் நிறத்தில் உள்ளது (முளைகட்டிய பார்லியின் சாற்றை உலர்த்திப் பொடியாக்கியது, பாக்கெட்டைப் பிரித்தால் ஹார்லிக்ஸ் வாசனைதான் அடிக்கும்), கேஸ்கேட் வகை ஹாப்ஸ் உருண்டை 20 கிராம் (ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஒரு கொடியின் பூ), யுஎஸ்-05 என்ற ஈஸ்ட் ஒரு பாக்கெட். பாத்திரங்களில் மூடியும் ஏர்லாக்கும் (உள்ளிருக்கும் கேஸை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத சின்னக் குழாய்) உள்ள 10 லிட்டர் வாளி, ஒரு ஹைட்ரோமீட்டர் (திரவத்தில் மிதக்கவிட்டு அதன் அடர்த்தியைப் பார்ப்பது, சர்க்கரை கரைந்திருந்தால் எண் கூடும், புளிக்கப் புளிக்கக் குறையும்), தெர்மாமீட்டர், பீரை இறக்க ஒரு டியூப். கொதிக்க வைக்க வீட்டில் பிரியாணி அண்டா இருக்கும்தானே, 10 லிட்டர் பிடித்தால் சரி. லண்டன் குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு, அது பீரில் மருந்து வாசனையாக மாறும். கடையில் விற்கும் மலிவான பாட்டில் தண்ணீரை வாங்கிவிடுங்கள்.

காய்ச்சுவது ஒரு மதிய வேலை. 6 லிட்டர் தண்ணீரை அண்டாவில் ஊற்றி, அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே மால்ட் பவுடரைக் கரையுங்கள். கேழ்வரகு மாவைக் கூழுக்குப் பச்சைத் தண்ணீரில் கரைப்போமே, அதே காரணம்தான், சூட்டில் போட்டால் ஆவி பட்டுக் கட்டி தட்டும். கொதி வரும்போது பால் போலப் பொங்கி அடுப்பெல்லாம் வழியும், அந்தப் பத்து நிமிடம் போனைக் கையில் எடுக்காதீர்கள். பொங்கி அடங்கியதும் ஹாப்ஸ் 8 கிராம் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள், மூடி போட வேண்டாம், கசப்பு இறங்குவது இதில்தான். முடிய 10 நிமிடம் இருக்கும்போது 5 கிராம், அடுப்பை அணைத்ததும் மீதி 7 கிராம். இந்தக் கடைசி இரண்டும் வாசனைக்கு, ரசத்தை இறக்கும்போது கொத்தமல்லி தூவுகிற மாதிரி.

அடுப்பை அணைத்த நொடியிலிருந்து எல்லாம் மாறுகிறது. இதுவரை கொதியே எல்லாவற்றையும் கொன்றது, இனி பீரைத் தொடும் ஒவ்வொரு பொருளும் கிருமிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும்: வாளி, மூடி, வடிகட்டி, கரண்டி, தெர்மாமீட்டர், ஈஸ்ட் பாக்கெட்டை வெட்டும் கத்தரிக்கோல்கூட. சோப்புப் போட்டுக் கழுவுவது வேறு, இது வேறு. ஸ்டார் சான் மாதிரி அலசத் தேவையில்லாத திரவம் வாங்குங்கள், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரை மில்லி. நுரை அப்படியே நிற்கும், பயப்படாமல் விடுங்கள். அந்த நுரையைப் பார்த்துப் பதறி நான் குழாய்த் தண்ணீரில் அலசி, செய்ததையெல்லாம் வீணாக்கினேன், பீர் புளிச்ச மோராக வந்தது.

சிங்க்கில் ஐஸ் போட்டு அண்டாவை இறக்கி 20 டிகிரிக்குக் கீழே கொண்டுவாருங்கள். பிறகு வடிகட்டி வாளிக்குள் உயரத்திலிருந்து சளசளவென்று ஊற்றுங்கள், டீ ஆற்றுகிற மாதிரி. ஈஸ்ட் பெருகக் காற்று வேண்டும். ஆனால் இந்த ஒரு தடவைதான், இதற்குப் பிறகு காற்று பட்டால் பீரில் நனைந்த அட்டைப்பெட்டி ருசி வரும். நாலரை லிட்டருக்குக் குறைந்தால் பாட்டில் தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம். கொஞ்சம் எடுத்து ஹைட்ரோமீட்டரில் பாருங்கள், 1.041 பக்கம் காட்டும், எழுதி வையுங்கள். அரை பாக்கெட் ஈஸ்டைத் தூவி மூடிவிடுங்கள்.

இனி வாளிக்கு 18லிருந்து 20 டிகிரி வரையுள்ள இருட்டான இடம் வேண்டும். எனக்கு அது மாடிப்படிக்கு அடியில் உள்ள அலமாரி. புளிக்கும்போது ஈஸ்டே சூட்டைக் கிளப்பும், அறையைவிட வாளி இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே இருக்கும், அதனால் ஹீட்டர் பக்கமே போகாதீர்கள். ஒரு நாளுக்குள் ஏர்லாக்கில் குமிழ் வரும், சில நாளில் நின்றுவிடும். நின்றதும் திறந்து பார்க்கக் கை அரிக்கும். திறக்காதீர்கள். இரண்டு வாரம் ஆகட்டும், அப்புறம் ஹைட்ரோமீட்டரில் பாருங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். 1.010 பக்கம் வந்து இரண்டு தடவையும் ஒரே எண் காட்டினால்தான் முடிந்தது, அப்போது சுமார் 4 சதவீத ஆல்கஹால். குமிழ் நின்றதை நம்பி நான் ஒன்பதாவது நாளே பாட்டிலில் அடைத்தேன், மீதிச் சர்க்கரை உள்ளேயே புளித்துக் கேஸ் ஏறிக்கொண்டே போனது. ஒரு ராத்திரி அலமாரிக்குள் பட்டாசு வெடித்த மாதிரி சத்தம், காலையில் பார்த்தால் கோட்டு, ஷூ எல்லாவற்றிலும் கண்ணாடித் தூள்.

பாட்டில் அடைக்கும்போது கேஸ் ஏறுவதற்காக 24 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்க வைத்து ஆறவிட்டு, கிருமிநீக்கம் செய்த இன்னொரு பாத்திரத்தில் ஊற்றி, அதன்மேல் டியூப் வழியாகச் சத்தமில்லாமல் பீரை இறக்குங்கள், அடி வண்டலை வாளியிலேயே விட்டுவிடுங்கள். கையில் வருவது 4 லிட்டர் போல இருக்கும், அதற்கான அளவுதான் இந்த 24. கூடப் போட்டால் மறுபடி பட்டாசுதான். மூடியிலேயே கம்பி உள்ள பழுப்புப் பாட்டில்கள் நல்லவை. நிறமில்லாத கண்ணாடியில் வெளிச்சம் பட்டு ஹாப்ஸ் நாறும், ஒயின் பாட்டில் இந்த அழுத்தத்தைத் தாங்காது. ஒன்றை மட்டும் சோடா வரும் பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்புங்கள். அமுக்கிப் பார்த்து அது கல்லு மாதிரி ஆனால் மற்றவற்றிலும் கேஸ் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

அறைச் சூட்டில் இரண்டு வாரம், பிறகு ஃபிரிட்ஜில் இரண்டு நாள் நிற்க வையுங்கள், படுக்க வைக்க வேண்டாம். அடியில் மெல்லிய ஈஸ்ட் படலம் இருக்கும், கிளாஸைச் சாய்த்து ஒரே மூச்சில் ஊற்றிக் கடைசி ஒரு விரற்கடையைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். அது வயிற்றுக்குள் போனாலும் ஒன்றும் ஆகாது, மறுநாள் ஆபீஸில் பக்கத்தில் உட்காருகிறவர்தான் பாவம்.