வாளையாறு தாண்டி லாரி ஓட்ட: அனுபவமே இல்லாதவர் எங்கிருந்து தொடங்குவது

வாளையாறு எல்லை தாண்டிக் கேரளத்துக்கு லாரி ஓட்ட ஆசைப்பட்டு, ஹெவி லைசென்ஸ் (கனரக வண்டி உரிமம்) எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு டிரைவிங் ஸ்கூல் வாசலில் நிற்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் முடியாமல் ஹெவிக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) கூடப் போட முடியாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 7ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. சரக்கு வண்டி ஓட்ட 20 வயதும் நிறைந்திருக்க வேண்டும். இந்த ஒரு வருடத்தை வீணாகக் காத்திருக்கும் காலமாக நினைக்காதீர்கள். தொழில் கையில் படிவது அந்த வருடத்தில்தான்.

கார் லைசென்ஸ் வந்ததும், வயதும் 20 நிறைந்திருந்தால், குட்டி யானையிலோ (டாடா ஏஸ்) பொலிரோ பிக்கப்பிலோ ஏறுங்கள். ஆர்.சி.யில் (பதிவுச் சான்று) வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டியை இந்த லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. பொள்ளாச்சியிலிருந்து இளநீர், தேங்காய், ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி என்று தினமும் பாலக்காட்டுப் பக்கம் வண்டிகள் போகின்றன. கோபாலபுரம், வேலந்தாவளம், வாளையாறு என எந்த வழியில் போனாலும் பாலக்காட்டுக் கணவாயின் சமதளம்தான், மலை இறக்கம் கிடையாது. புதிதாகப் பழகும் கைக்கு இதைவிட நல்ல பாதை அமையாது. முதல் மூன்று மாதம் பகல் நடை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி பார்த்து ரிவர்ஸ் எடுப்பது, லோடோடு பிரேக் பிடித்தால் வண்டி எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பது, சந்தில் திரும்பும்போது பின் சக்கரம் உள்ளே வெட்டுவது ஆகிய மூன்றும் பழக்கத்துக்கு வர வேண்டும். இதில் பின் சக்கரம் வெட்டும் கணக்கு தெரியாதவர்தான் டாரஸில் (பல அச்சு பெரிய லாரி) ஏறியதும் திருப்பத்தில் பைக்கில் வருபவரை இடித்துவிடுகிறார்.

வருடம் முடிந்ததும் ஹெவி எல்.எல்.ஆர். ஃபார்ம் 1ஏ மருத்துவச் சான்று அவசியம். அதில் 25 மீட்டர் தூரத்திலிருந்து நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, நிறம் பிரித்துப் பார்க்க முடிகிறதா என்றெல்லாம் டாக்டர் எழுதித் தர வேண்டும். கண்ணில் சந்தேகம் இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே பரிசோதித்துவிடுங்கள். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழித்து டெஸ்ட். அதற்கு டிரைவிங் ஸ்கூல் தரும் ஃபார்ம் 5 பயிற்சிச் சான்று வேண்டும். கனரக வண்டிக்கு 30 நாள் பயிற்சி, அதில் குறைந்தது 15 மணி நேரம் ஸ்டியரிங் பிடித்திருக்க வேண்டும் என்பது விதி. பல பேர் நான்கு நாள் ஓட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள், அந்த 15 மணி நேரத்தையும் கேட்டு வாங்குங்கள். முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளியும், கேரளத்தில் எடப்பாள் பயிற்சி நிலையமும் இருக்கின்றன. கைக்கு வரும் லைசென்ஸ் ஐந்து வருடம் செல்லும். காலாவதி ஆகி ஒரு வருடத்துக்கு மேல் விட்டால் மறுபடி டெஸ்ட்.

லைசென்ஸ் வந்த மறுநாளே தனியாக லோடு எடுக்க வேண்டாம். மூன்று மாதமாவது ஒரு மூத்த டிரைவரோடு இரண்டாம் டிரைவராகப் போங்கள். சம்பளம் குறையும்தான். ஆனால் ஏர் பிரேக்கை வேறெங்கும் கற்க முடியாது.

கார் பிரேக் வேறு, லாரி பிரேக் வேறு. லாரியில் காற்றுதான் பிரேக். காலையில் இன்ஜின் போட்டதும் கிளப்பாதீர்கள். டேங்கில் காற்று நிரம்பி, எச்சரிக்கை விளக்கும் சத்தமும் நின்று, முள் 7 பாருக்கு அருகில் வந்த பிறகு நகருங்கள். ஆனால் நகரும் முன் இன்ஜினை நிறுத்தி, பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் முள்ளைப் பாருங்கள். தொடர்ந்து இறங்கினால் எங்கோ லீக், அதைச் சரிசெய்யாமல் புறப்படாதீர்கள். காற்று டேங்கின் அடியில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்து விடுங்கள்.

சமதளம் பழகிய பிறகுதான் மலை. புளியரை எஸ் வளைவு, குமுளி, 17 கொண்டை ஊசி வளைவுள்ள போடிமெட்டு எல்லாவற்றுக்கும் விதி ஒன்றுதான். ஏற எந்த கியர் போடுவீர்களோ, இறங்கவும் அதே கியர். லோடு கூடுதலென்றால் இன்னும் ஒன்று குறைவு. அந்த கியரை இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். பாதி இறக்கத்தில் மாற்றப் போய் கியர் விழாவிட்டால் வண்டி நியூட்ரலில் ஓடும், பிறகு கியர் விழவே விழாது. டீசல் மிச்சம் என்று வேண்டுமென்றே நியூட்ரலில் விடுபவர்களும் இருக்கிறார்கள். இன்ஜின் பிடிப்பு போய்விட்டால் முழு எடையும் பிரேக் மேல் விழும். பிரேக் டிரம் சூடேறி, லைனிங் பிடிப்பை இழக்கும். விட்டு விட்டு மிதிக்க மிதிக்கக் காற்றும் தீரும். கருகல் வாடை வந்தால் ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் டிரம் வெடிப்பு விடும். எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகை வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகம் குறைப்பது) முதல் வளைவிலிருந்தே போடுங்கள், வண்டி ஓடிப்போன பிறகு போட்டுப் பயனில்லை.

லோடு ஏற்றும்போது அருகில் நில்லுங்கள். ஆர்.சி.யில் இருக்கும் மொத்த எடையிலிருந்து வெறும் வண்டி எடையைக் கழித்தால் வருவதுதான் ஏற்றலாம். எடை மேடைச் சீட்டு இல்லாமல் எல்லைக்குப் போகாதீர்கள். ஓவர்லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், மேற்கொண்டு டன்னுக்கு 2,000. அதிகப்படியை அங்கேயே இறக்கவும் வேண்டும். தார்ப்பாயைப் பின்னாலிருந்து தொடங்கி முன்னுக்கு வாருங்கள். ஓடு வேய்வதுபோல முன் பாய் பின் பாயின் மேல் படிய வேண்டும். மாற்றிப் போட்டால் எதிர்க்காற்றும் கேரளத்து மழையும் உள்ளே புகுந்துவிடும். 20 கிலோமீட்டர் போனதும் நிறுத்திக் கயிற்றை மறுபடி இறுக்குங்கள். லோடு அமர்ந்து கயிறு தளர்ந்திருக்கும். டயர் மாற்றிய பிறகு 50 கிலோமீட்டரில் நட்டுகளை மறுபடி முறுக்குவதும் அப்படித்தான்.

காகிதங்கள்: ஆர்.சி., எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பொல்யூஷன், பர்மிட், பில், ஈ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் சீட்டு). 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததும் வரிச் சோதனைச் சாவடி போய்விட்டது, ஆனாலும் வழியில் பறக்கும் படை நிறுத்தும். சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் பொதுவாக ஈ-வே பில் வேண்டும். அதில் உங்கள் வண்டி நம்பர் சரியாக இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வண்டி பழுதாகி வேறு வண்டிக்கு மாற்றினால் நம்பரையும் மாற்றியாக வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கில்தான் பில் செல்லும். ஓணத்துக்கு முந்தைய நாட்களில் இறக்க வரிசை நீளும், காலாவதியாகும் முன்பே ஆபீஸுக்குச் சொல்லி நீட்டிக்கச் சொல்லுங்கள். நேஷனல் பர்மிட் இல்லாத லாரி என்றால் எல்லை தாண்டும் முன்பே தற்காலிகப் பர்மிட்டும் வரியும் கட்டியிருக்க வேண்டும்.

வேலைக்குச் சேரும்போது பேட்டா டிரிப்புக்கா நாளுக்கா, டீசலுக்கு என்ன மைலேஜ் கணக்கு, டயர் வெடித்தால் யார் பொறுப்பு, ஓவர்லோடு அபராதம் யார் கட்டுவது என்பதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அசல் லைசென்ஸை முதலாளியிடம் ஒப்படைக்காதீர்கள். ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரம் ஓய்வு என்று 2025 நவம்பர் வரை இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொன்னது. தூக்கம் வந்தால் ஓரம் கட்டுங்கள், போன் எத்தனை தடவை அடித்தாலும்.

இறக்கும் இடத்தில் சரக்கைத் தொடாதீர்கள். கேரளத்தில் சுமட்டுத் தொழிலாளிகள் (சுமை தூக்குபவர்கள்) இறக்குவார்கள், கூலி சரக்குக்காரர் பொறுப்பு. சரக்கை இறக்காமலே, பார்த்து நின்றதற்குக் கேட்கும் நோக்குகூலி 2018லிருந்து தடைசெய்யப்பட்டது. யாராவது கேட்டால் நீங்கள் வாக்குவாதம் செய்யாமல் சரக்குக்காரரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். பாதை குறுகல், கேபிள் தாழ்வு, வீட்டு மதில் ரோட்டை ஒட்டியே இருக்கும். ரிவர்ஸ் எடுக்கும் முன் இறங்கி நடந்து பார்த்துவிட்டு ஏறுங்கள். பின்னால் நிற்பவர் மலையாளத்தில் "போரட்டே" என்றால் வரலாம். "மதி" என்றால் போதும், உடனே நிறுத்த வேண்டும். நம் ஆட்களுக்கு இந்தச் சொல் புரியாமல்தான் மதில்கள் இடிபடுகின்றன.