ரோஜாக் குச்சி வைப்பதும் வகை உரிமையை மதிப்பதும்

தாய்ச்செடி எந்த வகை என்று அறியாமல் ரோஜாக் குச்சி வெட்டக் கூடாது. புதிதாகச் சந்தைக்கு வரும் ரோஜாக்களில் பல, ஏராளமான நாற்றுகளை ஆண்டுக்கணக்கில் வளர்த்துக் கழித்த பின் தேறியவை என்பதால், அவற்றை உருவாக்கியவர்களுக்குப் பல நாடுகள் சட்டப்படி உரிமை அளித்துள்ளன. அமெரிக்காவில் இதற்கான சட்டம் 1930-இல் வந்தது. 1931-இல் வழங்கப்பட்ட முதல் தாவரக் காப்புரிமையே ‘நியூ டான்’ என்னும் கொடி ரோஜாவுக்குத்தான். அங்கு இன்றைய விதிப்படி, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை உரிமையாளரின் அனுமதியின்றிக் குச்சி வைத்தோ ஒட்டுக்கட்டியோ பதியன் போட்டோ அச்செடியைப் பெருக்கக் கூடாது. சொந்தத் தோட்டத்துக்காகத்தான் என்பது விலக்காகாது. புதிய தாவர வகைகளைக் காக்கும் யூபோவ் எனப்படும் பன்னாட்டு உடன்படிக்கையின் 1991-ஆம் ஆண்டு வடிவமோ, வணிக நோக்கமின்றித் தனிப்பட்ட முறையில் பெருக்குவதை அனுமதிக்கிறது. விற்பதற்கு அந்த விலக்கு பொருந்தாது.

செடியின் பெயர்ச்சீட்டில் பி.பி. என்ற எழுத்துகளுடன் ஓர் எண் இருந்தால் அது அமெரிக்கக் காப்புரிமை பெற்ற வகை, பி.பி.ஏ.எஃப். என்றிருந்தால் விண்ணப்பம் நிலுவையில் உள்ளது. பழைய சீட்டாக இருந்தால், உரிமைக் காலம் முடிந்துவிட்டதா என்பதை அந்த எண்ணைக் கொண்டு சரிபார்க்கலாம். காலம் முடிந்த பின்னும் வணிகப் பெயருக்கான உரிமை தொடரக்கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை: ‘நாக் அவுட்’ என்பது வணிகப் பெயர், அந்த ரோஜாவின் வகைப் பெயர் ‘ராட்ராஸ்’. என் கருத்தில், தொடக்கநிலையினர் பழைய கொடி ரோஜாக்களையும் மினியேச்சர் எனப்படும் குட்டி ரோஜாக்களையும் தேர்ந்தெடுப்பதே நல்லது. அவை எளிதில் வேர்விடும், முன்னவற்றில் உரிமைச் சிக்கலும் அரிது. ‘நியூ டான்’ ரோஜாவின் காப்புரிமையும் எப்போதோ முடிந்துவிட்டது.

பூத்து முடிந்த, பென்சில் பருமனுள்ள, முற்றியும் முற்றாததுமான கிளையே குச்சிக்கு ஏற்றது. இளந்தண்டு அழுகிவிடும், மிக முற்றியது வேர்விடத் தயங்கும். இலைகளில் மஞ்சள் வரிகள் தெரிந்தால் அந்தச் செடியை விட்டுவிடுங்கள், ஏனெனில் தேமல் வைரஸ் குச்சியோடு சேர்ந்தே வரும். சுத்தமான கத்தியால் 15 முதல் 20 செ.மீ. நீளத்தில், அடிப்பகுதி ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே அமையுமாறு வெட்டி, மேலே இரண்டு இலைகளை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்க வேண்டும். அடிநுனியை வேர் ஊக்கிப் பொடியில் தொட்டு, மணலும் தென்னை நார்க் கழிவும் கலந்த ஈரக் கலவையில், முன்பே துளையிட்ட குழியில் பாதியளவு புதையும்படி நட வேண்டும். நேரடியாகக் குத்தினால் பொடி உதிர்ந்துவிடும்.

வேரில்லாத குச்சி, இழக்கும் நீரை ஈடுசெய்ய முடியாமல் வாடிப்போகும். ஆகவே அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலால் மூடி, நேர்வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வைத்து, பூஞ்சை வராதபடி அவ்வப்போது திறந்துவிட வேண்டும். கலவை ஈரமாக இருந்தால் போதும், நீர் தேங்கக் கூடாது. துளிர் கண்டதும் வேர் வந்துவிட்டதாக எண்ணிக் குச்சியை இழுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. தண்டில் சேமித்த உணவைக் கொண்டே அது துளிர்த்திருக்கலாம். பொதுவாக நான்கு முதல் எட்டு வாரங்களில் வேர் பிடிக்கும். அதன்பின் மூடியைச் சிறிது சிறிதாக விலக்கிப் பழக்கி, தனித் தொட்டிக்கு மாற்றி, முதல் மொட்டுகளைக் கிள்ளிவிட்டால் வேர் வலுப்படும்.

இப்படி வளர்ந்த செடி சில வகைகளில் ஒட்டுச்செடியைவிட மெதுவாகவே பருக்கும். ஆனால் ஒட்டுச்செடியில், அடியில் வேராக நிற்கும் வேறொரு செடியின் தளிர்களைக் களைந்துகொண்டே இருப்பதுபோல இதில் செய்ய வேண்டியதில்லை, அடியிலிருந்து எழும் கிளையும் அதே ரோஜாவையே பூக்கும்.