டின் மீன் சந்தையை அளந்து பார்ப்பது எப்படி? முதல்முறை இறங்குபவர்களுக்கு

"அண்ணே, கையில ஒரு அஞ்சு லட்சம் இருக்கு. டின் மீன் எடுத்துக் கடைகளுக்குப் போடலாமா?"

மாதத்துக்கு ஒருவராவது இப்படிக் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் எந்த டின், எந்த ஊருக்கு, எந்த மாதத்தில் என்று பார்க்காமல் போட்டால் பெட்டிகள் வீட்டு வராந்தாவில் குந்திக்கொண்டிருக்கும். நான் மலையகத் தோட்டப் பகுதியான ஹட்டன், நோர்வூட் பக்கம் ஆறு வருடம் ரெப்பாக, அதாவது விற்பனைப் பிரதிநிதியாக, ரூட் போனவன். முதல் வருடம் எனக்கும் வராந்தாவில் பெட்டி இருந்தது. அந்த அனுபவத்தை வைத்து, இலங்கைச் சந்தையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒரு கொப்பி, ஒரு பேனா, வீட்டில் ஒரு வடிகட்டி இருந்தால் போதும்.

தொடங்கும் முன் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் பக்கம் டின் மீன், யாழ்ப்பாணத்தில் ரின் மீன், சிங்களக் கடைகளில் செமன். செமன் என்பது சால்மன் மருவி வந்த சொல். டின்னுக்குள் சால்மன் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் மக்கரல் அல்லது ஜெக் மக்கரல்தான். உள்ளூர்த் தொழிற்சாலை டின்களில் டூனா இனத்து மீனும் வரும். வாங்குகிறவர் "செமன் ஒன்று" என்றுதான் கேட்பார், லேபிளில் மீனின் பெயரைத் தேட மாட்டார். நீங்கள் தேட வேண்டும், ஏனென்றால் விலை அங்கேதான் பிரிகிறது.

படி 1: பத்துக் கடையின் தட்டைப் பாருங்கள்

பத்துக் கடையைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் டவுன் கடையாக இருக்கக் கூடாது. டவுனில் நான்கு, தோட்டத்துக்குள் நான்கு, பஸ் நிற்கும் சந்தியில் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கடையிலும் ஐந்து விஷயம் எழுத வேண்டும்: பிராண்ட், மீன் வகை, நிறை, விலை, உற்பத்தித் திகதி.

இங்கே ஓடுவது பெரும்பாலும் 425 கிராம் உயர டின். அதோடு 155 கிராம் சின்ன டின்னும் உண்டு. எது முன்வரிசையில் இருக்கிறது என்று பாருங்கள். நான் போன தோட்டக் கடைகள் சிலவற்றில் சம்பள வாரத்தில் பெரிய டின் முன்னால் இருக்கும், மாதக் கடைசியில் அதே இடத்துக்குச் சின்ன டின் வந்துவிடும். கடைக்காரருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கை தானாக மாற்றி வைக்கும்.

அப்புறம் ஒரு வேலை. டின்னின் மூடியில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். தூசு ஒட்டினால் அந்தச் சரக்கு நிற்கிறது என்று அர்த்தம். "நல்லா போகுது தம்பி" என்று முதலாளி சொல்வார். மூடி பொய் சொல்லாது. அதோடு உற்பத்தித் திகதியையும் வைத்துப் பார்த்தால் சரக்கின் வேகம் தெரியும். பக்கத்துக் கடையில் நான்கு மாதச் சரக்கு இருக்க, இந்தக் கடையில் பதினான்கு மாதச் சரக்கு இருந்தால், இது உங்களுக்கான கடை இல்லை.

படி 2: டின்னைத் திறந்து வடியுங்கள்

இந்தப் படியைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். 425 கிராம் என்பது மீனும் தண்ணீரும் சேர்ந்த தேறிய நிறை. தண்ணீரை வடித்த பிறகு மிஞ்சும் மீன்தான் வடித்த நிறை. அது லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கும்.

மூன்று பிராண்டில் ஒவ்வொரு டின் வாங்குங்கள். திறந்து, வடிகட்டியில் கவிழ்த்து, இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு தராசில் வையுங்கள். துண்டு முழுசாக நிற்கிறதா, உதிர்கிறதா என்று பாருங்கள். குழம்புக்கு வாங்குகிறவருக்குத் துண்டு முழுசாக வேண்டும். கட்லட், ரோல்ஸ் போடும் பேக்கரிக்காரருக்கு உதிர்ந்தாலும் பரவாயில்லை, அவருக்கு விலைதான் முக்கியம். ஒரே டின் இரண்டு சந்தைக்குப் போகிறது.

இப்போது கணக்கு. விலையை வடித்த நிறையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 100 கிராம் மீனின் விலை வரும். கீழே உள்ளவை விளக்கத்துக்கான எண்கள், இன்றைய விலை இல்லை:

முதல் டின்: 500 ரூபாய், வடித்த நிறை 280 கிராம். 100 கிராம் மீன் ஏறத்தாழ 179 ரூபாய்.
இரண்டாவது டின்: 470 ரூபாய், வடித்த நிறை 240 கிராம். 100 கிராம் மீன் ஏறத்தாழ 196 ரூபாய்.

முப்பது ரூபாய் மலிவான டின்தான் உண்மையில் விலை கூடியது. வீட்டில் சமைக்கும் பெண்களுக்கு இந்தக் கணக்கு தராசு இல்லாமலே தெரியும். லயத்தில் ஒரு அக்கா என்னிடம் ஒரு டின்னைக் காதருகே ஆட்டிக் காட்டி, "இதுல தண்ணிதான் தம்பி பேசுது" என்றார். அந்த பிராண்டை நான் மூன்று மாதம் தள்ளிப் பார்த்தேன், முதல்முறை வாங்கியவர் இரண்டாம்முறை வாங்கவில்லை.

படி 3: போட்டி யார் என்று கண்டுபிடியுங்கள்

புதிதாக வருகிறவர்கள் மற்ற பிராண்டைத்தான் போட்டியாக நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. "இன்றைக்கு என்ன கறி?" என்று ஒரு வீடு யோசிக்கும்போது, டின்னுக்கு எதிரே நிற்பது பச்சை மீன், கருவாடு, நெத்தலி, முட்டை. ஆகவே கொப்பியில் இன்னொரு பக்கம் திறந்து, வாரத்துக்கு ஒரு தடவை இவற்றின் விலையையும் எழுதுங்கள். இரண்டு மாதம் எழுதினால் போதும், பச்சை மீன் ஏறும்போது டின் எப்படி ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

பச்சை மீன் ஏறுவதும் இறங்குவதும் கடலைப் பொறுத்தது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் மேற்கு, தெற்குக் கரையில் கடல் குழம்பிக் கிடக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றில் கிழக்குக்கும் வடக்குக்கும் அதே நிலைமை. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் பருவம் பார்த்துக் கிழக்குக் கரைக்குப் போய் வாடி (தற்காலிகக் குடில்) அமைத்துத் தொழில் செய்வதும் இதனால்தான். உங்கள் ஊருக்கு மீன் எந்தக் கரையிலிருந்து வருகிறது என்று மீன் லொறிக்காரரிடம் கேளுங்கள். அந்தக் கரை மூடும் மாதம்தான் உங்கள் மாதம்.

கடலுக்கு அடுத்தது விரதம். இதை எந்த வியாபாரப் பாடத்திலும் சொல்ல மாட்டார்கள். சைவ வீடுகளில் வெள்ளிக்கிழமை மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் மச்சம் கிடையாது. கேதார கௌரி விரதம் 21 நாள், அடுத்து ஆறு நாள் கந்தசஷ்டி. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முந்திய நாள் யாழ்ப்பாணக் கடைக்கு ஐம்பது பெட்டி இறக்கினால் அது உங்கள் தவறு, சந்தையின் தவறு இல்லை. கத்தோலிக்கர் நிறைந்த ஊரில் தவக்காலத்தில் கதை தலைகீழ். இறைச்சியைத் தவிர்க்கிறவர்கள் மீன் பக்கம் வருவார்கள்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது சம்பள நாள். தோட்டப் பகுதியில் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டித்தான் கையில் காசு புழங்கும். 8ஆம் திகதி சரக்கு கடையில் இருக்க வேண்டும். 15ஆம் திகதி கொண்டுபோனால் முதலாளி டீ ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

இவற்றையெல்லாம் ஒரு சுவர்க் கலண்டரில் மூன்று நிறத்தில் குறித்து வையுங்கள். எனக்கு இப்போதும் அந்தக் கலண்டர்தான் கம்பியூட்டர்.

படி 4: டொலரையும் வர்த்தமானியையும் படியுங்கள்

இறக்குமதி டின்கள் சீனா, தாய்லாந்து, சிலி போன்ற நாடுகளிலிருந்து வந்திருக்கின்றன. உள்ளூர் டின் டொலரைத் தொடாது என்று நினைக்க வேண்டாம். பசிபிக் மக்கரலும் சிலிப் பக்கத்து ஜெக் மக்கரலும் நம் கடலில் கிடைக்காது. லேபிளில் அந்தப் பெயர் இருந்தால், டின் இங்கே அடைக்கப்பட்டிருந்தாலும் மீன் கப்பலில் வந்ததுதான். நம் கடலில் பிடிபடும் சூரையை (டூனா இனம்) போட்டு அடைத்த டின் அப்படி இல்லை, ஆனால் படகுக்கு ஊற்றும் டீசல் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் அதுவும் முழுக்கத் தப்பவில்லை.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த இரண்டு மாதத்தில் கடனுக்குச் சரக்குக் கொடுத்தவர்கள், திரும்பி வந்த காசுக்குப் பாதிச் சரக்கைத்தான் வாங்க முடிந்தது. டின் கெடாது, ஆனால் காசு கெடும்.

விலைக் கட்டுப்பாடு இன்னொரு பொறி. 2020 மார்ச் 17ஆம் திகதி, கொரோனா தொடங்கிய நேரத்தில், 425 கிராம் டின் மீன் 100 ரூபாய், ஒரு கிலோ பருப்பு 65 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அடக்க விலையே அதைவிடக் கூடுதலாக இருந்த கடைக்காரர் என்ன செய்வார்? டின் தட்டிலிருந்து இறங்கிப் பின் அறைக்குப் போனது. சில வாரங்களில் அந்த உச்ச விலை நீக்கப்பட்டது. அதற்குப் பிறகும் உள்ளூர் டின்களுக்கு உச்ச சில்லறை விலை வந்திருக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அது உச்ச விலை விதித்தால் அரசாங்க அறிவித்தல் இதழான வர்த்தமானியில் வரும். இறக்குமதி வரியும் இப்படித்தான் ஒரு இரவில் மாறும். ஆகவே பெரிய ஓடர் கொடுக்கும் முன், அந்த வார அதிவிசேட வர்த்தமானியை அரசாங்க அச்சகத்தின் இணையத்தளத்தில் ஒரு தடவை பாருங்கள். தமிழிலும் இருக்கிறது.

படி 5: டின்னையே சோதியுங்கள்

டின் மீனுக்கான இலங்கைக் கட்டளை (தர நியமம்) எஸ்.எல்.எஸ். 591. உள்ளூர் டின்னில் எஸ்.எல்.எஸ். முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இறக்குமதி டின்னை இலங்கை கட்டளைகள் நிறுவனத்தின் இறக்குமதிப் பரிசோதனை பார்க்கிறது, அந்தப் பத்திரத்தின் பிரதியை இறக்குமதியாளரிடம் கேளுங்கள். தரத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

பிறகு கண்ணால் பார்க்கும் வேலை. மூடியோ அடியோ ஊதியிருந்தால் தொடவே வேண்டாம், விலை குறைத்துத் தந்தாலும் வேண்டாம். நடு உடம்பில் சின்ன நெளிவு பெரிய விஷயமில்லை. மூடியும் உடம்பும் சேரும் மடிப்பில் நெளிவு இருந்தால் ஆபத்து. காற்றுப் புகாமல் காப்பது அந்த இரட்டை மடிப்புத்தான், தொழிற்சாலையில் கிருமியைக் கொன்ற சூடு அங்கேயே முடிந்துவிட்டது, மடிப்பு விட்டு உள்ளே புகும் புதிய கிருமியை அது தடுக்காது. மடிப்பில் துரு ஏறியதையும் ஒதுக்குங்கள்.

ஒன்று மட்டும் கண்ணுக்குத் தெரியாது. பிடித்த மக்கரலையும் சூரையையும் உடனே ஐஸில் போடாவிட்டால் ஹிஸ்டமின் உண்டாகும். சாப்பிட்டதும் முகம் சிவந்து உடம்பு அரிக்கும். டின்னை 120 பாகைக்கு மேல் சூடாக்கினாலும் அது அழியாது. ஆய்வுகூடம்தான் கண்டுபிடிக்கும், அதனால்தான் பத்திரம் கேட்கச் சொல்கிறேன். ஒரு தடவை பத்திரம் இல்லாத ஒரு சரக்கை, மலிவாகக் கிடைத்ததால், இருபது பெட்டி எடுத்தேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒரு கடையில் லேபிளைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தை நான் படித்தது அன்றைக்கு ராத்திரிதான்.

படி 6: ஒரு பெட்டியின் கணக்கு

ஒரு பெட்டியில் 24 டின். டின்னை 440க்கு எடுத்து கடைக்கு 460க்குப் போடுகிறீர்கள் என்று வைப்போம் (இதுவும் விளக்க எண்தான்). பெட்டிக்கு முதல் 10,560 ரூபாய், லாபம் 480 ரூபாய். உங்கள் ஐந்து லட்சத்துக்கு 47 பெட்டி வரும். இறக்குமதிக்காரர் கொண்டுவரும் ஒரு இருபதடிக் கொள்கலனில் ஏறத்தாழ 1,700 பெட்டி இருக்கும். விலையில் அவரோடு மோதிப் பயனில்லை. அவர் லொறி ஏறாத தோட்டத்துக்குச் சரியான நாளில் போய்ச் சேர்வதுதான் உங்களால் முடிந்தது.

இப்போது கடன். ஒரு கடை ஒரு பெட்டிக்குக் காசு தராமல் போனால், அந்த 10,560ஐ ஈடுசெய்ய 22 பெட்டி விற்க வேண்டும். டீசல் இதில் சேரவில்லை. ஆகவே முதல் சுற்றில் கடன் வேண்டாம். தந்தே ஆக வேண்டும் என்றால் ஒரு கடைக்கு அரைப் பெட்டி, பழைய பற்றுச்சீட்டு முடிந்தால்தான் புதியது.

படி 7: பத்துப் பெட்டியோடு தொடங்குங்கள்

47 பெட்டியையும் எடுக்காதீர்கள். பத்துப் பெட்டி எடுத்து, படி 1இல் பார்த்த கடைகளில் நல்ல ஆறு கடைக்குப் பிரித்துப் போடுங்கள். எந்தக் கடைக்கு எத்தனை டின் என்று எழுதிக்கொள்ளுங்கள். பதினைந்தாம் நாள் போய் எண்ணுங்கள். முதலாளியிடம் கேட்க வேண்டாம், நீங்களே தட்டில் எண்ணுங்கள். பாதிக்கு மேல் போயிருந்தால் அங்கே அடுத்த பெட்டி. கால்வாசி கூடப் போகவில்லை என்றால் மிச்ச டின்னைத் தூக்கி அடுத்த கடைக்கு மாற்றுங்கள், முதலாளி கோபித்துக்கொள்ள மாட்டார், அவருக்கும் தட்டில் இடம் வேண்டும்.

எடுக்கும்போது மூடியையும் ஒரு துணியால் துடைத்துவிடுங்கள்.