முதியோரைப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் அரசியல் கருத்தை ஆராய்வது எப்படி? சேலத்துக்காரர்களுக்கு ஒரு செய்முறை

படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரைப் புரட்டிப் படுக்கவைத்து, டயபர் மாற்றி, சர்க்கரை பார்த்து, ராத்திரி எழுந்து தண்ணீர் கொடுக்கும் பெண்கள் அஸ்தம்பட்டி, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் நிறையவே இருக்கிறார்கள். தேர்தல் நேரத்தில்கூட அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. கல்லூரி ப்ராஜெக்டுக்கோ சங்க வேலைக்கோ அதைக் கேட்கக் கிளம்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். "எந்தக் கட்சி பிடிக்கும்?" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "உங்க ஓட்டு எங்க இருக்கு? ஒரு பிரச்சினைன்னா யார்கிட்ட போவீங்க?" இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான் ஆய்வு முழுவதையும் கட்ட வேண்டும்.

படி 1: யார் யாரைச் சேர்ப்பது?

தங்கி வேலை பார்ப்பவர், காலையில் வந்து மாலையில் போகிறவர், முதியோர் இல்லத்தில் சம்பளத்துக்கு இருப்பவர் என மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வகைப்பாட்டில் வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்களுக்கு 5322 என்று தனி எண்ணே உண்டு. நம் ஊரில் ஏஜென்சி அவர்களை ‘ஹோம் நர்ஸ்’ என்கிறது. வீட்டுக்காரர்கள் ‘வேலைக்கார அம்மா’ என்கிறார்கள். தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டுப் பணியாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. ஒருவர் அதில் பதிவு செய்திருக்கிறாரா, அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக ஒன்றிய அரசு 2021-இல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவு அட்டை வைத்திருக்கிறாரா, இரண்டுமே இல்லையா என்பதை ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அரசின் கணக்கிலேயே வராதவருக்காக யாரும் பேசப்போவதில்லை.

மாவட்ட அளவில் எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள் என்று அறிய, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தொழிலாளர் துறைக்கு மனுப் போடலாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும்; 30 நாளில் பதில் தர வேண்டும். களத்துக்குப் போவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

படி 2: ஓட்டு எங்கே, வேலை எங்கே?

சேலம் மாவட்டத்தில் 11 சட்டமன்றத் தொகுதிகள். நகரத்துக்குள் வடக்கு, தெற்கு, மேற்கு என மூன்று. இவை சேலம் மக்களவைத் தொகுதியில் வருகின்றன. பழங்குடியினருக்கான தனித்தொகுதியான ஏற்காடு, கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் சேர்கிறது. சேர்வராயன் மலைக் கிராமத்தில் ஓட்டு வைத்துக்கொண்டு, அடிவாரம் இறங்கி நகரத்தில் தங்கி வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வாழும் தெருவின் குழாய்க்கும் சாக்கடைக்கும் பொறுப்பான கவுன்சிலருக்கு அவர் வாக்காளர் இல்லை. அவருடைய எம்.பி. தேர்வாவது இன்னொரு மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய தொகுதியில். இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதி வைத்தாலே ஆய்வின் பாதி உங்கள் கையில்.

படி 3: எப்படிச் சந்திப்பது?

ஏஜென்சி வழியாக மட்டும் போகாதீர்கள். அவர்கள் அனுப்பும் ஆட்களைத்தான் பார்ப்பீர்கள். தொழிற்சங்க அலுவலகம், மருத்துவமனை வராண்டா, ஏற்காடு பஸ் என்று வெவ்வேறு வாசல்களில் தொடங்கி, பேசியவரிடமே அடுத்தவரைக் கேளுங்கள். வேலை செய்யும் வீட்டுக்குள் மட்டும் பேட்டி எடுக்கவே கூடாது. முதலாளியம்மா அடுத்த அறையில் இருந்தால் எல்லாருக்கும் எல்லாக் கட்சியும் நல்ல கட்சிதான். லீவு நாளில், கோயில் வாசலிலோ அவர் வீட்டுத் திண்ணையிலோ உட்கார்ந்து பேசுங்கள். பெயர், வீட்டு விலாசம், ஏஜென்சியின் பெயர் எதையும் நோட்டில் எழுத வேண்டாம். ஒரு வரி வெளியே போனால் அவருடைய வேலை போய்விடும்.

படி 4: என்ன கேட்பது?

இதற்குத்தான் நிறைய நேரம் ஒதுக்க வேண்டும். நடந்ததைக் கேளுங்கள், கருத்து தானே வரும். "அக்கா, போன தேர்தல் அன்னிக்கு எங்க இருந்தீங்க?" என்பதே நான் முதலில் வைக்கும் கேள்வி. 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயது தாண்டியவர்கள் 12டி படிவம் கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்க முடிந்தது. பெட்டியோடு அதிகாரிகள் வீட்டுக்கே வந்தார்கள். அதே வீட்டில் அந்தப் பெரியவரைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்த பெண்ணுக்கு அந்த வசதி கிடையாது. வாக்குப்பதிவு நாளான ஏப்ரல் 19 அன்று அவர் தன் ஊர் பூத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தரச் சொல்கிறது. ஆனால் ஆள் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரும் நஷ்டமோ வரக்கூடிய வேலைக்கு அதிலேயே விலக்கும் இருக்கிறது. லீவு கேட்டாரா, யார் மாற்று ஆள், சம்பளம் பிடித்தார்களா என்று விடாமல் கேளுங்கள்.

அடுத்து, சம்பளம் நின்றபோது, திருட்டுப் பழி வந்தபோது, முதுகு பிடித்துக்கொண்டபோது யாரிடம் போனார் என்று கேளுங்கள். வட்டச் செயலாளர், சுயஉதவிக் குழுத் தலைவி, சர்ச், போலீஸ், யாருமில்லை என எந்தப் பதில் வந்தாலும் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று கேட்காதீர்கள். அவராகச் சொன்னாலும் தேர்தல் முடியும்வரை வெளியிட வேண்டாம். வாக்குப்பதிவுக் காலக் கருத்துக்கணிப்புக்குச் சட்டத் தடை உண்டு.

படி 5: ஒப்பிட்டு எழுதுவது

தொழிலாளர் நலத்துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு ஆண்டுதோறும் வெளிவருகிறது. கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளும் இணையத்தில் கிடைக்கும். நீங்கள் கேட்ட குறைகள் இவற்றில் எங்கே வருகின்றன, எங்கே வரவே இல்லை என்று பக்க எண்ணோடு குறியுங்கள். பூத் வாரியான முடிவை வைத்து "இவர்கள் இந்தக் கட்சிக்குத்தான் போட்டார்கள்" என்று எழுதுவது தவறு. ஒரு பூத்தில் நூற்றுக்கணக்கானோர் வாக்களிக்கிறார்கள். அதில் இவர்கள் சிலரே.

எழுதி முடித்ததும் முதலில் பேசிய பெண்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். எடுக்கச் சொன்னதை எடுத்துவிட்டு, ஓட்டு இருக்கும் தொகுதி, வேலை பார்க்கும் தொகுதி இரண்டின் எம்.எல்.ஏ. அலுவலகத்திலும் ஒரு பிரதி கொடுங்கள். தொழிலாளர் துறை மானியக் கோரிக்கை (துறைக்கான நிதி ஒதுக்கீட்டுக் கோரிக்கை) சட்டமன்றத்துக்கு வருமுன் அது அவர்கள் கையில் இருக்க வேண்டும்.