மாற்றுத்திறனாளி உதவித்தொகை மனு தள்ளுபடியா? எந்த மேசையில் என்று முதலில் கேளுங்கள்

ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் திங்கட்கிழமை குறைதீர் நாளன்று மனு எழுதிக் கொடுப்பவன் நான். ஊர் தங்கச்சிமடம். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது, அதனால் கடலுக்குப் போகவில்லை, பேனாவைப் பிடித்தேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்: "அண்ணே, பணம் கேட்டு எழுதிப் போட்டேன், இல்லைன்ட்டாக."

யார் சொன்னது, டாக்டரா தாசில்தாரா என்றால் பதில் வராது. அது தெரியாமல் மேல்முறையீடு எழுதினால் தாள்தான் வீண். ஊனத்தின் அளவைச் சொல்வது மருத்துவர். பணம் கொடுப்பது வேறு துறை. ஒருவர் முடிவை மற்றவரிடம் முறையிட்டால் அவர் கையை விரிப்பார், அது நியாயமும்கூட.

முதலில் அட்டை. யூடிஐடி என்கிற தனித்துவ அடையாள அட்டைக்கு இ-சேவை மையத்திலோ இணையத்திலோ விண்ணப்பிக்கலாம். 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. மனநோயும் அதில் ஒன்று. மனநோய் தீர ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்திருக்கும் குடும்பங்களில் பலருக்கு இது தெரியாது. அட்டையின் நிறமே அளவைச் சொல்லிவிடும்: 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். வெள்ளை அட்டையை வைத்துக்கொண்டு ஓய்வூதியம் கேட்டால் கிடைக்காது.

மருத்துவக் குழு எந்தக் கிழமை எந்தப் பிரிவைப் பார்க்கிறது என்று விசாரித்துவிட்டுப் பஸ் ஏறுங்கள். ராமேஸ்வரம் தீவிலிருந்து பாலம் தாண்டி வந்துவிட்டு "இன்னைக்கு காது டாக்டர் இல்லை" என்று திரும்புவது கொடுமை. பழைய சீட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன், ஆபரேஷன் செய்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் பையில் இருக்கட்டும். கீழக்கரைப் பக்கம் சங்கு குளித்துக் காது போன ஒருவர் ஆடியோகிராம் என்கிற காது கேட்கும் சோதனை எடுக்காமலே போய் உட்கார்ந்தார். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காதுதான், ஆனால் கருவி எழுதித் தராததை டாக்டர் எப்படி எழுதுவார்?

இன்னொன்று, அவர்கள் அளப்பது வலியை இல்லை. மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசையில் எவ்வளவு பலம் என்பதைத்தான். விசைப்படகில் வலை இழுக்கும் விஞ்ச் எந்திரத்தில் இரண்டு விரல் போனவருக்கு வலை இழுக்கும் பிழைப்பே போய்விடும், சதவீதம் மட்டும் 40ஐத் தொடாமல் நிற்கலாம். அப்படிப்பட்டவர் மீன்வளத் துறையில் மீனவர் விபத்துக் காப்பீட்டைக் கேட்க வேண்டும். இறப்புக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 2.5 லட்சம்.

அட்டை வந்த பிறகு எந்தப் பணம் என்பதைப் பாருங்கள். வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,500 ரூபாய் ஆனது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000. அறிவுசார் குறைபாடு, கடுமையான பாதிப்பு, தசைச்சிதைவு, தொழுநோயால் வந்த பாதிப்பு, முதுகுத் தண்டுவடக் காயம் போன்றவற்றுக்கு அது. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. சாயல்குடிப் பக்கம் பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடப்பவர்கள் உண்டு. அவர்கள் வீட்டார் பழக்கத்தில் தாலுகா ஆபீசுக்கே எழுதுகிறார்கள். நலத்துறைக்கு எழுதினால் மாதம் ஐந்நூறு கூடுதல்.

இனி மறுப்பு. எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள். வாய் வார்த்தைக்கு மேல்முறையீடு கிடையாது.

டாக்டர் மறுத்திருந்தாலும் சதவீதத்தைக் குறைத்திருந்தாலும், அந்த 2016 சட்டத்தின் 59ஆம் பிரிவில் மேல்முறையீடு இருக்கிறது. முடிவு தெரிந்த நாளிலிருந்து 90 நாள் கெடு. சான்றிதழ் கிடையாது என்றால் காரணத்தை எழுதித் தர வேண்டியது அவர்கள் கடமை. அந்தக் கடிதத்தின் நகலோ சான்றிதழ் நகலோ இல்லாமல் மேல்முறையீடு நிற்காது. பிள்ளைகளுக்காகவும், தானாக எழுத முடியாதவர்களுக்காகவும் சட்டப்படியான பாதுகாவலர் மேல்முறையீடு போடலாம். உங்களைக் கூப்பிட்டுக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது. யாருக்கு அனுப்புவது என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மனுவில் அழுகையைக் குறையுங்கள், புது ரிப்போர்ட்டைச் சேருங்கள்.

தாலுகாவில் மறுத்திருந்தால் விஷயமே வேறு. அங்கே ஊனத்தைப் பற்றிச் சண்டை இல்லை, விசாரணை அறிக்கையைப் பற்றித்தான். "வேலைக்குப் போகும் மகன் இருக்கிறார்", "பெயரில் படகு உள்ளது" என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். மகன் தனிக் குடும்பம் என்றால் அவருடைய ரேஷன் கார்டு நகலை வையுங்கள். படகை விற்றாயிற்று என்றால் மீன்வளத் துறைப் பதிவு மாறியதற்கான தாளை வையுங்கள். நாலு பக்கம் கஷ்டம் எழுதுவதைவிட அந்த ஒரு வரிக்கு ஒரு தாள் போதும். அறிக்கையைக் காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நகல் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும்.

அதற்குப் பிறகு கோட்டாட்சியருக்கு எழுதுங்கள். ராமேஸ்வரம், கீழக்கரை, திருவாடானைக்காரர்களுக்கு ராமநாதபுரம் கோட்டம். கடலாடித் தாலுகா பரமக்குடிக் கோட்டத்தில் வருகிறது, மூக்கையூர்க்காரர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். நான் எழுதும் வடிவம் இதுதான்:

பொருள்: மாற்றுத்திறனாளி ஓய்வூதிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது – மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக.
பார்வை: விண்ணப்ப எண், நிராகரிப்பு ஆணை எண், நாள்.
"பார்வையில் காணும் ஆணையில் என் பெயரில் படகு உள்ளதாகக் கூறப்பட்டுள்ளது. அப்படகு விற்கப்பட்டுவிட்டது. அதற்கான ஆவண நகலை இணைத்துள்ளேன். மறுவிசாரணை செய்து ஓய்வூதியம் வழங்கிட வேண்டுகிறேன்."

இவ்வளவுதான். கையெழுத்து வராதவர் இடது பெருவிரல் ரேகை வைக்கலாம். மனு கொடுத்ததும் ரசீது எண் வாங்காமல் நகராதீர்கள். அந்த எண்ணைச் சொன்னால்தான் முதல்வரின் உதவி எண் 1100க்குப் போன் போட்டாலும் பேச்சு நடக்கும்.

இதிலும் அசையவில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்பது 1987 ஆம் ஆண்டுச் சட்டம். யாரும் "சீக்கிரம் முடிச்சுத் தர்றேன்" என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். நான் மனுவுக்கு வாங்குவது எழுத்துக் கூலி மட்டும், அதுவும் எங்கள் தீவுக்காரர்களிடம் மீனாகவே வந்துவிடும்.

பணம் வர ஆரம்பித்த பிறகும் ஆணை நகலைப் பத்திரமாக வையுங்கள். வாழ்நாள் சான்று கேட்டால் தாமதிக்காமல் கொடுங்கள், இல்லையென்றால் உயிரோடு இருக்கிறவருக்கே பணம் நின்றுவிடும்.